குழாயின் மறுமுனை

“ஆஸ்பத்திரியில யார் யாரோ நெஞ்சிலயெல்லாம் காது வைக்கறீங்க, சொந்தப் பொண்டாட்டிக்கு மட்டும்...”

“வெறும் சளி, உர்சுல். பால்ல தேன் விட்டுக் குடி, ஜன்னலைச் சாத்து...”

“நான் இன்னும் முடிக்கல.”

“...ரெண்டு நாள்ல சரியாயிடும்.” டாக்டர் கொராந்தன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

உர்சுல் கிட்டே போய் அந்தப் புத்தகத்தை மூடினாள். அப்புறம்தான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

கீழே வாசலில் மத்யூரன் வெண்ணெய் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். பாரிஸ் வழக்கப்படி பிறந்த வாரமே நார்மண்டி கிராமத்துக்குக் கொடுத்தனுப்பிய இவர்கள் மகனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் அவன் மனைவிதான். பிள்ளைக்குப் பால் மறக்கடித்தாயிற்று, அடுத்த நடையில் கொண்டு வரட்டுமா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா, இருந்தால் எங்களுக்கொன்றும் பாரமில்லை என்று கேட்டு அனுப்பியிருந்தாள். பொழுது சாய்வதற்குள் பாரிஸைத் தாண்ட வேண்டும் என்று மத்யூரன் வேலைக்காரியிடம் இரண்டு முறை சொல்லியனுப்பிவிட்டான்.

நெஞ்சு நோய் என்றால் ஊரே கொராந்தனைத்தான் தேடி வரும். நெஞ்சில் மரக்குழாயை வைத்துக் கேட்டு, நுரையீரலில் புண் இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுவார். செத்தவரை அறுத்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று பேர் விஷயத்தில் அவர் சொன்னது தப்பாகிப்போயிற்று. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

“நான் பிழைப்பேன்னா புள்ளைய வரச் சொல்றேன்,” என்றாள் உர்சுல். “இல்லேன்னா, அவன் யாரை அம்மான்னு கூப்பிடறானோ அவகிட்டயே இருக்கட்டும். இங்க வந்து என்கிட்ட ஒட்டிக்கிட்டு, அப்புறம் நானும் போயிட்டா? ரெண்டு அம்மாவைப் பறிகொடுக்க அவன் என்ன பாவம் பண்ணினான்?”

அவர் மறுபடியும் சளி என்றே ஆரம்பித்தார். நான் தூங்கும்போது குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் இப்படி மழுப்புகிறீர்கள் என்று அவள் பிடித்துக்கொண்டாள். சத்தியமாக இல்லை என்றார். அப்படியென்றால் இப்போது வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மாணவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்கிறேன் என்று சொல்லி, சட்டை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கொராந்தன் குழாயை எடுத்தார். அவள் பின்னால் போய் மண்டியிட்டு, முதுகில் ஒரு முனையை வைத்து மறுமுனையில் காதைப் பதித்தார்.

“பேசு,” என்றார். உள்ளே புண் குழிந்திருந்தால், நோயாளி பேசுவது குழாய் வழியே நேராகக் காதில் வந்து விழும் என்பது அவரே வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்.

உர்சுல் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “போன வாரம் தலையணையில ரத்தம். நேத்தும் வந்துச்சு. உங்களுக்குத் தெரியாம நானே துவைச்சுப் போட்டேன்.”

குழாய் இரண்டு விரற்கடை நகர்ந்தது.

“சுத்தமா இருக்கு,” என்றார் கொராந்தன். குரலில் சிரிப்புகூட இருந்தது. “புள்ளைய வரச் சொல்லு. ம், இன்னும் பேசு.”

அவள் திரும்பவில்லை.

“எத்தனை நாளா உங்களுக்குக் காது கேக்கல?”