மூச்சு

குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான், வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் வேலையில் சேர்ந்தான் திருமேனி. பின்னால் பிள்ளைச் சத்தம் கேட்டால் வேலை போய்விடும். "அப்பா காதுல ஹெட்போன் இருந்தா நீ மூச்சு விடக் கூடாது, என்ன?" என்று காலையிலேயே நான்கு வயது மகள் கயலை அதட்டி வைத்திருந்தான். முதல் அழைப்பிலேயே ஒருவர், ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று விடாமல் கத்தினார். "மன்னிக்கணும் சார்" என்றபடி திரும்பினான். கதவோரம் கயல் இரு கைகளாலும் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. அவனும் மைக்கைப் பொத்தினான். "விடுடா கண்ணு, மூச்ச விடு!" "லைன்ல இருக்கீங்களா இல்லியா?" என்று காதுக்குள் அந்த ஆள் கத்தினார். கயல் முடியாதென்று தலையாட்டினாள். பிதுங்கிய கண்களால் அவன் காதைக் காட்டினாள்.