அம்மன் பாட்டு

"இதில இருக்கிற பாட்டை எல்லாம் அழிச்சுப்போட்டு, என் வீடியோவை இதிலயே ஏத்திக் குடு தாயி."

பஞ்சம்மாள் சிடியை மேசையில் போட்ட வேகத்தில் ஸ்டுடியோக்காரி பைரோஜா பதறிவிட்டாள்.

"மெல்லக்கா! கீறல் விழுந்துரும்."

"விழட்டுமே. அந்தப் பாவி குடுத்ததுதான?"

மறுநாள் காலை பத்து மணிக்கு விருதுநகரில் விசாரணை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்த தீ விபத்தில் மூன்று உயிர் போனது. அதில் ஒருவர் பஞ்சம்மாளின் புருஷன் கண்ணுச்சாமி. அவர் உள்ளே பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது.

அன்றிலிருந்து மற்ற இரண்டு வீட்டாரும் அவள் முகத்தில் முழிப்பதில்லை. தெருக்குழாயில் அவள் குடத்தைக் கண்டால் மற்றக் குடங்கள் தள்ளி நிற்கின்றன. பழி செத்தவர் மேல், தண்டனை இருப்பவளுக்கு. நல்ல நியாயம்!

அவளிடம் இருந்ததெல்லாம் செல்போனில் ஒரு வீடியோ. பங்குனிப் பொங்கல் திருவிழாவில் மகள் எடுத்தது. 'பீடியை விட்டு எட்டு மாசமாச்சு, தெரியும்ல?' என்று கண்ணுச்சாமி அதில் சிரிக்கிறார். விசாரணை ஆபீசில் கேட்டதற்கு, சிடியில் போட்டு, மேலே பேர் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள்.

"ஸ்டிக்கரும் கொண்டாந்திருக்கேன். நீ பேரை மட்டும் எழுது, ஒட்டுறதை நான் பாத்துக்கிடுறேன். இருவது வருசமா லேபிள் ஒட்டுறதுதான என் பொழப்பு?"

"அய்யய்யோ, ஒட்டிராதீகக்கா! பட்டாசு டப்பாவா இது? சுத்தும்போது ஒரு பக்கம் கனத்து ஆடும், மிஷினுக்குள்ள மாட்டிக்கும். உரிச்சா மேல்பூச்சும் கூடவே உரிஞ்சு வந்துரும். பால்பாயிண்ட் பேனாவும் ஆகாது, கீறிரும்."

"பொறவு எதிலதான் எழுத?"

"ஸ்பிரிட் வாடை அடிக்காத மார்க்கர் போதும், இருவது ரூவா. நடு ஓட்டையைச் சுத்திக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் இருக்குல்ல? அதில பாட்டு, படம் ஒண்ணும் பதிஞ்சிருக்காது. அங்கன எழுதினா சிடிக்குச் சேதாரம் கிடையாது."

பஞ்சம்மாளின் முகம் கடுத்தது.

"அவனும் இப்படித்தான் பாடம் எடுத்தான்."

"யாருக்கா?"

"கம்பெனி மேனேசரு, வெள்ளைத்துரை."

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தார் வெள்ளைத்துரை. முதலாளி வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு கூடவே நின்றார்கள். 'அம்மன் பாட்டும்மா. கேளு, மனசு ஆறும்' என்று சிடியை நீட்டினார். அவள் அதை வாங்கி வாசலில் விட்டெறிந்தாள். மண்ணை வாரித் தூற்றினாள். அவர் குனிந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, நிலைப்படி ஓரமாக வைத்தார். 'ஸ்டிக்கர் கிக்கர் ஒட்டிராத. பேனாவால கிறுக்கிராத' என்றார். அவ்வளவுதான்.

"புருசனைப் பறிகுடுத்துட்டு நிக்கேன். அந்த ஆளுக்குச் சிடி கெட்டுருமேன்னு கவலை!"

பைரோஜா சிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒரு எழுத்து இல்லை. நடு வளையத்தில் மட்டும் மார்க்கரில் பொடிப்பொடியாக 'அம்மன் பாட்டு' என்றிருந்தது.

"ஏக்கா, பாட்டு சிடிக்கு யாரு இம்புட்டுப் பக்குவம் பாப்பா?"

அவள் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டாள். கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது.

"படிக்க மாட்டேங்குது. எறிஞ்சீகல்ல, கீறல் பட்டிருக்கு."

மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து மறுபடியும் போட்டாள். மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவை சுற்றத் தொடங்கியபோது பஞ்சம்மாளும் கிட்டே வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

படம் வந்தது. பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை. மூலையில் தேதியும் நேரமும் ஓடின. அந்த நாள்தான்.

புகை கிளம்பியது கடைசி ஷெட்டில். கண்ணுச்சாமியோ இந்தக் கோடியில், வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டியைப் போட்டுவிட்டு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தீயைப் பார்த்துத்தான் ஓடினார்.

"கம்பெனி கேமராவில ஒண்ணுமே பதியலைன்னு சொன்னாகளே..." பஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்து அழுதாள். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பைரோஜா அந்தப் படத்தையும் செல்போன் வீடியோவையும் சேர்த்துப் புதிதாக இரண்டு சிடி போட்டு எடுத்தாள்.

"என்ன பேர் எழுதட்டும்க்கா?"

"கண்ணுச்சாமின்னு எழுது. நீ சொன்ன இடத்துலயே எழுது."

எழுதிக்கொண்டே பைரோஜா குரலைத் தாழ்த்தினாள்.

"யாரு குடுத்ததுன்னு நாளைக்குக் கேப்பாகளேக்கா. மேனேசர் பேரு வெளிய வந்தா அவரு பாடு அம்புட்டுத்தான்."

பஞ்சம்மாள் ஸ்டிக்கரை மடித்துப் பைக்குள் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல்ல கிடந்துச்சும்பேன். பொய்யா என்ன? நான் எறிஞ்சதுதான?"