கூட்டேரிப்பட்டுப் புளியமரம்

முஜிபுர் ரஹ்மான் குவைத்திலிருந்து திரும்பியதும், பழைய கேமராவை அகச்சிவப்புக் கதிரில் படமெடுக்கும்படி மாற்றி வாங்கினார். அதில் இலையெல்லாம் வெள்ளையாக விழும். ஆனால் எடுத்த படங்கள் மங்கலாகவே வந்தன.

கல்யாணமான புதிதில் அவரும் மனைவி பரக்கத் நிஷாவும் கூட்டேரிப்பட்டில் ஒரு புளியமரத்தடியில்தான் திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்பார்கள். சாலையை அகலப்படுத்த அதை வெட்டியபோது, நிஷா குவைத்துக்குப் போன் போட்டுச் சொல்லி அழுதாள்.

இன்று நிஷாவோடு வந்து அங்கேயே ட்ரைபாடை நிறுத்தி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையாலேயே ஃபோகஸைத் திருப்பினார். முதல்முறையாகப் படம் துல்லியமாக வந்தது. தார்ச்சாலை, கடைப் பலகை, நடுவே வெள்ளை வெளேரென்று புளியமரம். இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

தலைநிமிர்ந்தார். உச்சிவெயிலில் சாலையோரம் வெறுமையாகக் கிடந்தது. மரம் இருந்த இடத்தில் நிஷா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்க?" என்றாள். "இங்க வாங்க, நெழலு நல்லா இருக்குது."

அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். பிடரியில் சில்லென்றது. பஸ் வரும் திசையையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.