முடிவிலிருந்து படிக்கிறார்

கிட்ட வாங்க கண்ணுங்களா, கடலூர் மஞ்சக்குப்பத்து வீடு ஒன்றின் கதை சொல்கிறேன், சத்தம் போடாமல் கேளுங்கள்.

மூணு மணி வெயில் ஜன்னல் கம்பி வழியே தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. வினோதினி ஒரு கூரியர் கவரைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறாள். அவளும் தம்பி இளவரசும் எட்டு வருஷமாகச் சேர்ந்து இங்கிலீஷில் படித்த ஜப்பான் சித்திரக்கதையின் கடைசிப் புத்தகம் உள்ளே இருக்கிறது. ஆர்டர் போட்டவன் அவன்தான். புத்தகம் வருவதற்குள் பைக் விபத்தில் போய்விட்டான். இதையும் படித்துவிட்டால் அவனோடு படிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. "புள்ள ஆசையா கேட்டது, குடும்மா" என்று அப்பா கலியமூர்த்தி வாங்கிப் பிரிக்கிறார். அவர் சிதம்பரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற பழக்கத்தில் விரலில் எச்சில் தொட்டு அட்டையைத் திருப்புகிறார். இந்தக் கதைகளுக்கு வலப்பக்கம்தான் தொடக்கம். நம்ம பழக்கத்துக்குத் திறந்தால் முடிவு முதலில் வந்துவிடும். "இங்கிலீசு தெரியாட்டி என்னா, படம் பார்க்கத் தெரியாதா? இந்தப் புள்ள படுத்துக் கெடக்குது, சுத்தி எல்லாரும் அழுவுறாங்க." அப்படியென்றால் அவர்களுடைய நாயகனும் செத்துப்போகிறான். அப்பா புரட்டிக்கொண்டே போகிறார். "தோ பாரு, எழுந்துட்டான்! நிக்கிறாம்மா!" அவர் குரல் உடைகிறது. தப்பாகத் திருப்புகிறீர்கள் என்ற வார்த்தை அவள் வாய் வரை வந்து நின்றுவிடுகிறது. நகர்ந்து அவர் தோளில் சாய்கிறாள். "அப்புறம் என்னாப்பா பண்றான்?" "அவுங்க அம்மாகிட்ட சோறு வாங்கித் துன்றான்."

உங்கள் வீட்டில் ராத்திரி படுத்த பிள்ளைகள் எல்லாரும் விடிந்ததும் எழுந்து பசிக்குது என்று கேட்கட்டும், கண்ணுங்களா.