விழுங்கிய இருமல்

பெயர், வயது, விலாசம் மூன்றையும் வாயால் சொல்லவைத்து, குழாயில் ஒட்டிய சீட்டோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் அந்த லேபில் ஊசியைத் தொடுவார்கள்.

விலாசத்தை மட்டும் ரத்தம் எடுப்பவள் இன்னொரு முறை கேட்டாள். பிறகு கையில் ரப்பர் பட்டையைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினாள்.

ஊசி ஏறும்போதும் சோதனைக்கு வந்திருந்த இளம்பெண் பேச்சை நிறுத்தவில்லை. கொசுவே கடித்துவிட்டு ஏமாந்து போகிற உடம்பு இது, பார்த்து எடுங்கள் அக்கா என்றாள். படுத்தால் வருகிற இருமலுக்காக வீட்டுக்காரர்தான் பிடிவாதமாகக் கூட்டிவந்தாராம். அரைநாள் லீவு போட்டிருக்கிறாராம். ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்று வெளியே வண்டியிலேயே காத்திருக்கிறாராம்.

ரத்தம் எடுப்பவள் முகக்கவசத்துக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்கும் ஒரு காலத்தில் இதே இருமல் இருந்தது. படுக்கையறைக்குள் போனால் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்தால் விட்டுவிடும். லேபுக்குக் கூட்டிப்போக ஆளில்லை. நடிப்புக்காரி என்ற பட்டம்தான் கிடைத்தது.

இவளுக்கு மட்டும் லீவு. வண்டி. வாசலில் காவல்.

ஒவ்வாமைக்கு டாக்டர் பார்க்கச் சொல்லியிருந்தது தூசி, மகரந்தம், பூனை முடி. பூஞ்சை இல்லை. ஏனென்று கேட்டாள். வீட்டில் ஈரமே கிடையாது, சுவரெல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்று டாக்டரிடம் இவளே சொல்லிவிட்டாளாம்.

கேட்டதற்கு மட்டும்தான் இந்தச் சோதனை பதில் சொல்லும். பூஞ்சையைக் கேட்காவிட்டால் முடிவு சுத்தமாக வந்துவிடும். அப்புறம் அந்தப் பட்டம் இவளுக்கும் வந்து சேரும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அந்த நினைப்பு தொண்டையில் இதமாக இறங்கியது.

அப்போது அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. அவள் இருமவில்லை. உதட்டை இறுக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தோள் குலுங்க விழுங்கினாள். விழுங்கிவிட்டு வாசலைப் பார்த்தாள்.

அப்படி விழுங்க யாரும் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவர் கற்றுத்தர வேண்டும்.

ரத்தம் எடுப்பவள் ஊசியை மெதுவாக உருவினாள். பஞ்சை வைத்து, கையை மடக்கிப் பிடிக்கச் சொன்னாள். எடுத்த ரத்தத்திலேயே பூஞ்சையையும் பார்த்துவிடலாம், டாக்டரிடம் தானே பேசிச் சேர்க்கச் சொல்வதாகச் சொன்னாள்.

இல்லாத பூஞ்சைக்கு எதற்கு அக்கா தண்டச் செலவு என்று அந்தப் பெண் சிரித்தாள்.

“பெட்ரூம்ல ஜன்னல் பக்கம் ஒரு இரும்பு பீரோ இருக்கும்ல, அதை நகத்திப் பாரும்மா. சுவர் கறுத்தது தெரியக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் அதை அங்க இழுத்துப் போட்டப்ப, இன்னொரு பக்கம் பிடிச்சது நான்தான்.”