கையும் வயருமாக

“யாரும் அந்த வயரைத் தொடக் கூடாது! பாண்டிராஜ், முதல்ல போட்டோ எடுங்க!”

ஜீப் நிற்பதற்குள் கீழே குதித்துவிட்டாள் தாமரைச்செல்வி. மின் திருட்டைப் பிடிக்கும் பறக்கும் படையின் இன்ஜினியர். மதுரையிலிருந்து பேரையூர்த் தோட்டக்காட்டுக்கு வரும் வழியில் ஒரு டீ குடிக்கக்கூட வண்டியை நிறுத்தவில்லை. வந்த புகார் அப்படி. விவசாயத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவசக் கரண்ட்டில் ஒரு ஆசாமி கார் சார்ஜ் போடுகிறாராம்!

போனில் சொன்னது அச்சு அசலாக அப்படியே இருந்தது. மோட்டார் ரூமை ஒட்டி, வேப்பமர நிழலில் யானைக்குட்டி கணக்காக ஒரு வெள்ளைக் கார். அதிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாக ரூமுக்குள் போனது. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம். வாய்க்காலில் தண்ணீர் மிளகாய்ச் செடிகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மண்வெட்டியும் கையுமாக வந்தார் தோட்டத்துச் சொந்தக்காரர் உக்கிரபாண்டி. ஐம்பது வயதிருக்கும். அதிகாரியைக் கண்டு பயப்படுவார் என்று பார்த்தால், மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்!

“வாங்க மேடம், வாங்க! மோர் குடிக்கிறீகளா?”

“மோர் கிடக்கட்டும். இது யார் கார்?”

“நம்ம வண்டிதேன். செகண்ட் ஹேண்ட். கோயம்புத்தூர் டாக்டர் ஒருத்தர்கிட்ட வாங்குனது. பெட்ரோல்லயும் ஓடும், பிளக்கைச் சொருகி சார்ஜ் போட்டா கரண்ட்டுலயும் ஓடும்.”

“அப்ப, தினமும் சார்ஜ் போடுவீங்க?”

“போடாம? நான் சோறு திங்க மறந்தாலும் மறப்பேன், இதுக்குச் சார்ஜ் போட மறக்க மாட்டேன்.”

அட, கேட்கக் கேட்க ஒத்துக்கொள்கிறாரே! தாமரைச்செல்வி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். அவரோ பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

“பழைய வண்டி, பேட்டரி செத்துரும், தலையில துண்டுதேன்னு எல்லாரும் பயமுறுத்துனாய்ங்க மேடம். நாலு வருசம் ஆச்சு. இன்னைக்கும் பேட்டரி நூத்துக்கு எம்பத்தெட்டு நிக்குது! ஒரேயடியா வத்த விடமாட்டேன். வெயில்ல நிப்பாட்ட மாட்டேன். எலி வயரைக் கடிச்சிரக் கூடாதுன்னு போயிலைப் பொட்டலம் கட்டிப் போட்டுருக்கேன். மாசம் ஒருக்கா பெட்ரோல்ல ஓட்டி இன்ஜினுக்கும் வேலை குடுத்துருவேன், இல்லாட்டி அது கோவிச்சுக்கும். பங்க்குப் பக்கம் போயி மூணு மாசம் ஆச்சுன்னாப் பாத்துக்கங்க!”

“ஓசிக் கரண்ட்டுல ஓட்டினா முப்பது வருஷம்கூடப் போக வேண்டாம்,” என்று வெடுக்கென்று சொன்னாள் தாமரைச்செல்வி. “இலவசக் கரண்ட் செடிக்குத்தான், காருக்கு இல்ல. உங்க கனெக்‌ஷனைக் கட் பண்ணப் போறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, கண் செடிகள் பக்கம் போய்விட்டது. அவளும் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண்தான். பூவும் பிஞ்சுமாக நிற்கிற மிளகாய். இந்த வெயிலுக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் மொத்தமும் கருகிப்போகும். பாவமாக இருந்தது.

“தப்புப் பண்ணிட்டேன், இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுங்க. அபராதத்தோட விடப் பார்க்கிறேன்.”

“செய்யாத தப்புக்கு எப்படி மேடம் எழுதித் தாரது?”

“வயர் கண் முன்னாடி தொங்குது! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா?” அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பாண்டிராஜ், பீஸைப் பிடுங்குங்க!”

வயர்மேன் பாண்டிராஜ் வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து மூன்று பீஸையும் பிடுங்கினார்.

மோட்டார் நிற்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

“ஒழுங்காப் பிடுங்கினீங்களா?”

“மூணும் கையில இருக்கு மேடம்,” என்ற பாண்டிராஜ், டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “மேடம், லைன்லயே கரண்ட் இல்லையே!”

“அப்ப மோட்டார் எப்படி ஓடுது?”

“இதுதேன் ஓட்டுது!” உக்கிரபாண்டி காரின் முதுகில் தட்டினார். “இந்த வண்டியில இருந்து கரண்ட்டை வெளிய எடுக்கவும் பிளக் இருக்கு மேடம். ஊருக்குள்ள வீட்டுல காசு கட்டுற மீட்டர்ல ராவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில வண்டியைக் கொண்டாந்து மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கிறேன். அந்த வயர் கார்ல இருந்து மோட்டாருக்குப் போகுது மேடம், மோட்டார் ரூம்ல இருந்து காருக்கு இல்ல! இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. பெரிய மோட்டாரை இதால இழுக்க முடியாது. சின்ன மோட்டாரை டிக்கியில தூக்கிப் போட்டுக்கிட்டு, ஒரு நாளைக்கு ஒரு தோட்டம்னு அக்கம்பக்கத்து நாலு கிணத்துலயும் இதுதேன் தண்ணி எறைக்குது. செகண்ட் ஹேண்ட் வண்டி மேடம்!”

சொல்லும்போது அவர் நெஞ்சு இரண்டு விரற்கடை நிமிர்ந்தது.

தாமரைச்செல்விக்கு முகம் செத்துவிட்டது. எழுதிய தாளைக் கிழித்துக் கசக்கினாள். இப்படிப்பட்ட மனுஷரைப் போய்த் திருடன் என்று பேசிவிட்டோமே!

“மன்னிச்சிருங்க ஐயா. உங்க மேல பொய்ப் புகார் குடுத்தானே, அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன். யார்னு தெரியுமா?”

“நாந்தேன் மேடம்,” என்றார் உக்கிரபாண்டி. “டிரான்ஸ்பார்மர் எரிஞ்சிருச்சுன்னு பதினோரு மனு குடுத்தேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கரண்ட்டைத் திருடுறான்னு காலையில ஒரே ஒரு போன் போட்டேன்; மத்தியானச் சோத்துக்குள்ள இன்ஜினியரே வந்துட்டீகளே!”