நல்ல சளி

தாளவாடி காட்டில் எஞ்சியிருந்தவை ஏழே ஏழு செந்நாய்கள். மற்றவற்றை நாய்க்கொள்ளை நோய் வாரிக்கொண்டு போயிருந்தது. அதைத் தடுக்கும் மருந்து இப்போது ஊசியில் இல்லை, ஒரு சளியில் இருந்தது. அந்தச் சளி பிடித்த வீட்டுநாய் ஒன்று, செந்நாய்கள் படுக்கும் பாறையடியில் தும்மிவிட்டு வந்தால் போதும்; சளி அவற்றுக்கும் தொற்றும், கொள்ளைநோய் அண்டாது.

காட்டோரம் குடியிருந்த சிக்கம்மாவின் நாய் கரியனுக்குத்தான் அந்த வேலை. கால்நடை டாக்டர் ஜெனிட்டா திங்களன்று சளியை ஏற்றிவிட்டுப் போனார். வியாழனன்று வந்து பார்த்தால், கரியன் சளி நீங்கி ஜம்மென்று வாலாட்டியது.

"என்னம்மா பண்ணீங்க?"

"மூச்சு விட முடியாம கெடந்துச்சு டாக்டரம்மா. பாவமா இருந்துச்சு. மடியில போட்டுத் தூதுவளை ரசம் குடுத்தேன்."

ஜெனிட்டா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த சளி வர ஒரு மாதம் ஆகும். பக்கத்து மலைவரை நோய் வந்தாயிற்று.

சமாதானம் சொல்ல வாயெடுத்த சிக்கம்மாவுக்குத் தும்மல்தான் வந்தது. டாக்டர் விருட்டென்று எழுந்தார். அவள் மூக்கில் குச்சி விட்டு எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"அதே சளி! மனுஷங்களுக்கு ஒட்டாதுன்னாங்களே!"

"அப்ப நான் போனாப் பத்தாதா?" சிக்கம்மாவுக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். செந்நாயை அவள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

அன்றே போய்ப் பாறையடியில் ஆசைதீரத் தும்மிவிட்டு வந்தாள். நான்காம் நாள் டாக்டரோடு புதருக்குப் பின்னால் காத்திருந்தபோது, குட்டிச் செந்நாய் ஒன்று மூக்கொழுக வந்து நின்று தும்மியது.

டாக்டர் சத்தமில்லாமல் சிரித்தார். மடியில் முடிந்திருந்த தூதுவளையைத் தேடிப் போன தன் கையை, சிக்கம்மா மறுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.